ஆர்கேடும் பவுலிங்கும் ஏன் கைக்கு எட்டாம போச்சு? கொஞ்சம் நீளமான பதில்

தலைப்புல நீங்க கேட்டது "ஆர்கேடும் பவுலிங் சென்டரும் சிட்டிலருந்து ஏன் காணாம போகுது, ஃபோனும் வீட்டு கன்சோலும்தான் காரணமா, இல்ல நடத்தறவங்க பேராசையா?"ன்னு. (புதுசா படிக்கறவங்களுக்கு, ஆர்கேட்னா காசு போட்டு வீடியோ கேம் ஆடற கடை, பவுலிங்னா கிரிக்கெட் இல்ல, கனமான பந்தை உருட்டி பின்ங்கற கட்டைகளை சாய்க்கற விளையாட்டு.) ஆனா கீழ விவரத்துல நீங்களே எழுதிருக்கீங்க, மால்ல பளபளன்னு ஒரு இடம் இருக்கு, சனி ஞாயிறு உள்ள நுழைய முடியல, ஆனா நாலு ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து போய்ட்டு வந்தா மாசம் பூரா கையைக் கடிக்குதுன்னு. அப்ப விளையாட ஆளும் இருக்கு, இடமும் இருக்கு, காணாம போனது அந்த மலிவு மட்டும்தான். பாக்கெட்ல சில்லறை இருந்தா ரெண்டு மணி நேரம் பொழுது போகும், யாரும் எழுந்து போன்னு சொல்ல மாட்டாங்க, அப்படிப்பட்ட இடம் ஏன் நிக்க முடியலங்கறதுதான் உங்க உண்மையான கேள்வின்னு நான் எடுத்துக்கறேன். கடைசில "யாராவது மறுபடி அப்படி நடத்த முடியுமா"ன்னும் ஒரு வரி கேட்டிருக்கீங்க, அதுக்கும் வரேன்.

நான் மெஷின் ரிப்பேர் பக்கத்துலருந்து இந்த தொழிலுக்கு வந்தவன், அப்புறம் சென்டர் நடத்தறவங்களுக்கு இடம் பாத்து கணக்கு போட்டு சொல்ற வேலைல ரொம்ப வருஷம் இருந்தேன். அதனால வாடகை, மெயின்டனன்ஸ், ஒரு மெஷின் எவ்ளோ நேரம் சும்மா நிக்குது, இந்த மாதிரி விஷயத்துல நான் சொல்றதை நம்பலாம். ஜனங்க ஏன் மாறினாங்க, சமூகம் ஏன் மாறிச்சுங்கறதுல நான் சொல்றது ஒரு தொழில்காரனோட ஊகம், அவ்ளோதான். இன்னொன்னு, இந்த ரெண்டு விளையாட்டுக்கும் எனக்குப் பழக்கமான கணக்கு அமெரிக்காவோடதும் ஜப்பானோடதும்தான், அதனால உதாரணம் எல்லாம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும்.

முதல்ல சந்தேகமே இல்லாத விஷயம். அமெரிக்காவுல 1960கள் நடுவுல கிட்டத்தட்ட 12,000 பவுலிங் சென்டர் இருந்துச்சு, அதுல நிறைய தொழிலாளிங்க வாழற நகரப் பகுதில. 2010கள்ல அது 4,000 பக்கம் வந்துருச்சு. ஜப்பான்ல இன்னும் மோசம், 1972ல உச்சத்துல 3,697 சென்டர், அடுத்த அஞ்சு வருஷத்துக்குள்ள ஆயிரத்துக்கும் கீழ. ஆர்கேடுக்கு வந்தா, ஜப்பான் போலீஸ் கணக்குப்படி 1986ல 26,000த்துக்கு மேல இருந்த கடை 2019ல சுமார் 4,000. இந்த கடைசி நம்பரை மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதையா படிக்கணும், ஏன்னா மூடினதுல பெரும்பகுதி பத்து இருபது மெஷின் போட்ட சின்னக் கடைங்க, நின்னதெல்லாம் மாடி மாடியா மெஷின் வெச்ச பெரிய கடைங்க. அதனால மெஷின் எண்ணிக்கை கடை எண்ணிக்கை அளவுக்கு விழல. உங்க கேள்விக்கு இது ரொம்ப முக்கியம், ஏன்னா அந்த சின்னக் கடைதான் மலிவுக் கடை, செத்தது அதுதான்.

இப்ப வீட்டு டிவில மாட்டி ஆடற கன்சோல் மேல போடற பழி. இதுல பாதி நியாயம் இருக்கு. 1972ல அடாரியோட பாங், 1978ல டைட்டோவோட ஸ்பேஸ் இன்வேடர்ஸ், 1980ல நாம்கோவோட பேக்மேன், இந்த கேம் எல்லாம் வந்தப்ப அந்த தரத்துல வீட்ல ஆடவே முடியாது, வீட்டு மெஷின்ல வந்த பேக்மேனைப் பார்த்தவங்களுக்கு அது தெரியும், பாவம். அந்த இடைவெளிதான் ஆர்கேடோட மூலதனம். அது எப்ப போச்சுன்னு கேட்டா நான் 1994ன்னு சொல்வேன். அந்த வருஷக் கடைசில சோனி பிளேஸ்டேஷன் வந்துச்சு, கூடவே ஆர்கேட்ல முந்தின வருஷம் வந்த ரிட்ஜ் ரேசர்ங்கற கார் ரேஸ் கேம் வீட்டுக்கே வந்துருச்சு. அதைவிடப் பெருசு, நாம்கோ அப்ப ஆர்கேடுக்கு விட்ட டெக்கன்ங்கற சண்டை கேம் ஓடினதே பிளேஸ்டேஷன் ஹார்டுவேரை வெச்சு பண்ண சர்க்யூட் போர்டுல. அதாவது கடைல இருக்கற பெட்டிக்குள்ளயும் வீட்டு டிவிக்கு கீழயும் கிட்டத்தட்ட ஒரே சரக்கு. அப்புறம் காசு போட்டு நின்னுக்கிட்டே ஆட என்ன காரணம் இருக்கு?

அதுக்கு ஆர்கேட் கம்பெனிங்க கண்டுபிடிச்ச பதில்தான் மலிவுக்கு ஆப்பு வெச்சுச்சு. வீட்ல வைக்க முடியாததை செய்வோம்னு கிளம்பினாங்க, ஆடற சீட்டு, நிஜ சைஸ் பைக், 1998ல கோனாமி விட்ட டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன் மேடை. நல்லாதான் இருந்துச்சு, நான் குறை சொல்லல. ஆனா பழைய பெட்டியோட கணக்கே வேற. 1985லருந்து ஜம்மா (JAMMA)ன்னு ஒரு பொது வயரிங் முறை இருந்துச்சு, அதனால கேம் பழசாச்சுன்னா கடைக்காரர் உள்ள இருக்கற போர்டை மட்டும் உருவிட்டு புதுசு சொருகுவார், பெட்டி, ஸ்க்ரீன், ஜாய்ஸ்டிக் எல்லாம் அதேதான், சாயங்காலத்துக்குள்ள புது கேம் ரெடி. பெரிய சீட்டு வெச்ச மெஷின்ல அது நடக்காது. அந்த கேம் போரடிச்சா மொத்த மெஷினும் பாரம், வித்தா பழைய இரும்பு விலை, அதுவரைக்கும் நாலு பெட்டி நிக்கற இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்கும். சின்னக் கடைக்காரருக்கு அந்த சூதாட்டம் கட்டுப்படியாகல. அப்புறம் நெட்வொர்க் வந்துச்சு, ஜப்பான்ல கோனாமியோட இ-அம்யூஸ்மென்ட் மாதிரி சிஸ்டம், கார்டைக் காட்டி ஆடினா ஆடறவர் ஸ்கோரும் கேரக்டரும் நெட்வொர்க்ல சேவ் ஆகும். ஆடறவங்களுக்கு ஜாலி, ஆனா ஒவ்வொரு ஆட்டத்துலயும் கம்பெனிக்கு ஒரு பங்கு போகும். முன்னாடி மெஷின் வாங்கினா விழற காசு முழுக்க கடைக்காரருக்குத்தான்.

ஆனா கன்சோல்தான் எல்லாத்துக்கும் காரணம்னா பவுலிங் ஏன் விழுந்துச்சு? ஜப்பான்ல 3,697லருந்து ஆயிரத்துக்கு கீழ விழுந்தது ஸ்பேஸ் இன்வேடர்ஸ் பிறக்கறதுக்கு முன்னாடியே முடிஞ்சுபோன கதை. பதினாறு பவுண்டு பந்தை வீட்ல உருட்ட வழி கிடையாது, 2006ல வந்த வீ ஸ்போர்ட்ஸ்ங்கற வீட்டு வீடியோ கேம்ல கையை ஆட்டி பவுலிங் போட்டதுனால எந்த சென்டரும் மூடல. அதனாலதான் இந்த ரெண்டையும் நீங்க சேர்த்துக் கேட்டது நல்ல கேள்வின்னு நினைக்கறேன், ஒண்ணை மட்டும் கேட்டிருந்தா ஈஸியா தப்பான பதில் வந்திருக்கும். ரெண்டுக்கும் பொதுவா என்ன போச்சுன்னு பார்த்தா ரெண்டே விஷயம்தான் என் கண்ணுக்குத் தெரியுது. ஒண்ணு, ஆளில்லாத நேரத்தை நிரப்பின வாடிக்கை ஆளு. இன்னொன்னு, சும்மா கிடந்த மலிவு இடம்.

வாடிக்கை ஆளை முதல்ல பார்ப்போம். பவுலிங்ல ஆரம்பத்துல கீழ விழுந்த பின்னை எடுத்து நிறுத்தறதுக்கு பையனுங்க இருந்தாங்க. ஏஎம்எஃப் கம்பெனி தானா நிறுத்தற மெஷினை 1946ல காட்டி, 1952ல வியாபாரத்துக்கு விட்டுச்சு, பிரன்ஸ்விக் அடுத்த சில வருஷத்துல பின்னாடியே வந்துச்சு. ரெண்டு பேரும் மெஷினை கடன்ல தூக்கிக் குடுத்தாங்க, கடன் கிடைக்குதுன்னு ஊரெல்லாம் சென்டர் முளைச்சுச்சு. அப்ப இருந்த மலிவுக்கு ஒரு பங்கு காரணம் இதுவே, லேன், அதாவது பந்து உருட்டற பாதை, தேவைக்கு மேல இருந்தா விலை தானா இறங்கும். ஆனா அத்தனை லேனையும் வார நாள்ல நிரப்பினது லீக். ஒரு ஃபேக்டரி, ஒரு ஆபீஸ், ஒரு சர்ச், ஒரு யூனியன், இவங்கல்லாம் டீம் போட்டு வாரத்துல ஒரே நாள், ஒரே நேரம், சீசன் முழுக்க முப்பது வாரத்துக்கு மேல வருவாங்க. மழை பெஞ்சாலும் வருவாங்க. செவ்வாய்க்கிழமை ராத்திரி ஏழு மணிக்கு எத்தனை லேன் ஓடும்னு முதலாளிக்கு சீசன் ஆரம்பத்துலயே தெரியும், அந்த தைரியத்துலதான் மிச்ச நேரத்துல வர்ற பசங்களுக்கு சல்லிசா விட்டாரு. வாடகையை லீக் கட்டிடுச்சுன்னா பகல்ல வர்றது எல்லாம் மேல் வரும்படி.

அந்த லீக் ஆளுங்க 1970கள் கடைசில அமெரிக்காவுல 90 லட்சத்துக்கு மேல இருந்தாங்க, இப்ப பத்து பன்னெண்டு லட்சம். ஹார்வர்ட் பேராசிரியர் ராபர்ட் புட்னம் 1995ல எழுதின ஒரு கட்டுரைல இதை வெச்சுதான் ஆரம்பிச்சாரு, 1980லருந்து 1993க்குள்ள பவுலிங் ஆடறவங்க எண்ணிக்கை 10 சதவீதம் ஏறிச்சு, லீக்ல ஆடறவங்க 40 சதவீதம் குறைஞ்சாங்கன்னு. அவரு அதை மனுஷங்க ஒண்ணு கூடறது குறைஞ்சதுக்கு அடையாளமா எடுத்துக்கிட்டாரு. நான் கல்லாப்பெட்டி பக்கத்துல நின்னு பார்க்கறேன், ஆடறவன் எண்ணிக்கை ஏறியும் சென்டர் மூடுதுன்னா, வர்றவன் வர்ற முறை மாறிடுச்சுன்னு அர்த்தம். வாரா வாரம் வந்தவன் போயி, வருஷத்துக்கு ரெண்டு தடவை பர்த்டேக்கு வர்றவன் வந்துட்டான். அவனும் சனிக்கிழமை சாயங்காலமே வேணும்னு கேப்பான், மிச்ச நாள்ல ஈ ஓட்ட வேண்டியதுதான். சனிக்கிழமை நாலு மணி நேரத்துல வாரம் பூரா வாடகையை எடுத்தாகணும்னா விலை என்ன ஆகும்? லீக் ஏன் குறைஞ்சுதுங்கறதுக்கு ஷிப்ட் ஃபேக்டரிங்க மூடினது, வீட்ல ரெண்டு பேரும் வேலைக்குப் போறது, முப்பது வாரம் வாக்கு குடுக்க யாருக்கும் மனசு வராததுன்னு பல காரணம் சொல்லுவாங்க. எது எத்தனை பங்குன்னு பிரிச்சுக் காட்ட முடியும்னு யாராவது சொன்னா நான் நம்ப மாட்டேன்.

ஆர்கேட்ல இதே கதை காசு வழியா நடந்துச்சு. அமெரிக்காவுல ஒரு ஆட்டம் 25 சென்ட், ஜப்பான்ல 100 யென், ரெண்டும் ஒரே ஒரு நாணயம். மெஷின் உள்ள ஏத்துக்கறதே அந்த ஒரு நாணயத்தைத்தான். 1980ல 25 சென்டா இருந்தது இன்னிக்கு விலைவாசில கிட்டத்தட்ட ஒரு டாலர். மத்த கடைக்காரங்க எல்லாம் வருஷத்துக்கு கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக்கிட்டே போனாங்க, ஆர்கேட்காரருக்கு ஏத்தணும்னா அப்படியே ரெட்டிப்பாக்கணும், நடுவுல எதுவும் கிடையாது. ஜப்பான்ல நுகர்வு வரி 1989ல 3 சதவீதம், 1997ல 5, 2014ல 8, 2019ல 10னு ஏறிக்கிட்டே போச்சு, 103 யென்னுக்கு நாணயம் எங்க இருக்கு, அதனால ஒவ்வொரு தடவையும் கடைக்காரர் கையிலருந்துதான் போச்சு. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2ங்கற சண்டை கேம் 1991ல வந்து ஆர்கேடை ஏன் தூக்கி நிறுத்துச்சுன்னா அதுக்கும் இந்த காசு கணக்குதான் காரணம்னு நான் சொல்வேன். அதுக்கு முன்னாடி நல்லா ஆடத் தெரிஞ்சவன் ஒரு காசு போட்டு ஒரு மணி நேரம் மெஷினை விட மாட்டான், கடைக்காரர் பல்லைக் கடிச்சுக்கிட்டு நிப்பாரு, உள்ள இருக்கற சின்ன சுவிட்சைத் தட்டி கேமை கஷ்டமாக்கி வெப்பாரு, அப்ப புதுசா வர்றவன் முப்பது செகண்டுல செத்துட்டு திரும்பி வரவே மாட்டான். ரெண்டு பேரு மோதற கேம்ல தோத்தவன் அடுத்த காசு போடுவான், ஜெயிச்சவன் அப்படியே நிப்பான், ரெண்டு மூணு நிமிஷத்துக்கு ஒரு காசு உறுதி. கெட்டிக்காரனும் கடைக்கு பாரமா இல்லாம வருமானமா ஆனது அப்பதான். வீட்ல ஆன்லைன்ல மோதலாம்னு ஆனதும் அந்த கூட்டமும் கலைஞ்சுருச்சு.

ரெண்டாவது விஷயம், இடம். இதைத்தான் ஜனங்க குறைவா எடை போடறாங்க. பவுலிங் லேன் ஃபவுல் லைன்லருந்து, அதாவது பந்து போடறவர் தாண்டக்கூடாத கோட்டுலருந்து, முதல் பின் வரைக்கும் 60 அடி. ஓடி வந்து போட 15 அடி, பின்னுக்குப் பின்னாடி மெஷின், மெஷினுக்குப் பின்னாடி மெக்கானிக் நடக்க வழி, இதுக்கு நடுவுல ஒரு தூண் கூட வரக்கூடாது. உக்கார இடம், ஷூ கவுன்டர், பாத்ரூம் எல்லாம் சேர்த்து ஒரு லேனுக்கு ஆயிரம் சதுர அடின்னு தொழில்ல ஒரு பேச்சுக் கணக்கு உண்டு. இருபத்திநாலு லேன்னா 24,000 சதுர அடி, வண்டி நிறுத்தற இடம் தனி. அத்தனை இடத்துலயும் லேனுக்கு நாலஞ்சு பேருதான், அதுலயும் ஒருத்தர் போடறார், மிச்சவங்க உக்காந்து வேடிக்கை பார்க்கறாங்க. நகரத்துக்குள்ள அதே இடத்தை ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்கோ ஜிம்முக்கோ குடுத்தா என்ன வாடகை வரும், மேல அடுக்குமாடி கட்டினா என்ன வரும்னு கட்டடக்காரர் கணக்கு போடாம இருப்பாரா? நியூயார்க் மன்ஹாட்டன்ல 1938ல திறந்த பௌல்மோர் லேன்ஸ் 2014ல மூடுச்சு, அது ஆளில்லாத இடமே கிடையாது, கூட்டம் அள்ளின இடம், இருந்தாலும் அங்க இப்ப நிக்கறது சொகுசு வீடுங்க இருக்கற கட்டடம்.

இதுல வெளில தெரியாத ஒரு சங்கதி இருக்கு. பழைய மலிவு சென்டர் பலதுல முதலாளியே கட்டட சொந்தக்காரர். கடன் எப்பவோ அடைஞ்சுருச்சு, அவரு வாடகையே குடுக்கறது இல்ல, அதனால லாபம் சின்னதா இருந்தாலும் வண்டி ஓடும். உண்மையைச் சொன்னா அவரு தனக்கு வர வேண்டிய வாடகையை விட்டுக்குடுத்துதான் உங்களுக்கு மலிவா விளையாட்டு குடுத்தாரு, அவருக்கே அது தெரிஞ்சிருக்காது. அவரு வயசாகி பசங்க கைக்கு வந்ததும், இருபது முப்பது வருஷம் உழைச்சாலும் வராத காசு நிலத்தை வித்தா ஒரே கையெழுத்துல வருதுன்னு தெரியுது. நான் கணக்கு பாத்து குடுத்த இடங்கள்லயே, தொழில் நஷ்டம்னு மூடினவங்களை விட நிலம் விலை ஏறிடுச்சுன்னு மூடினவங்க அதிகம். அவங்களைத் திட்ட எனக்கு மனசு வராது.

பேராசையான்னு கேட்டீங்களே, அதுக்கு ஊர் ஊரா சென்டர் வெச்சு நடத்தற சங்கிலிக் கம்பெனிங்க பக்கம் பார்க்கணும். பின்னாடி சென்டரும் நடத்தின அதே ஏஎம்எஃப் 2001லயும் 2012லயும் திவால் மனு குடுத்துச்சு. 2013ல பௌல்மோர் கம்பெனி அதை எடுத்துச்சு, அடுத்த வருஷம் பிரன்ஸ்விக்கோட சென்டர்களையும் வாங்கிச்சு, பௌலெரோன்னு பேரு மாத்தி, 2021ல பங்குச் சந்தைக்குப் போயி, 2024 கடைசில லக்கி ஸ்ட்ரைக் என்டர்டெய்ன்மென்ட்னு ஆயிடுச்சு, இப்ப 350க்கு மேல சென்டர். 2023ல 38 சென்டரோட நிலத்தையும் கட்டடத்தையும் விசிங்கற ரியல் எஸ்டேட் கம்பெனிக்கு சுமார் 43 கோடி டாலருக்கு வித்துட்டு அதே இடத்துல வாடகைக்கு உக்காந்துச்சு. நிலத்துல முடங்கின காசை எடுத்து வேற சென்டர் வாங்கறது வியாபாரத்துல சரியான புத்திதான், ஆனா அந்த நிமிஷத்துலருந்து வாடகை மாசா மாசம் வாசல்ல நிக்கும், வருஷா வருஷம் ஏறும். விட்டுக்குடுக்க அங்க யாரும் கிடையாது. அதனால ஆட்டத்துக்கு இவ்ளோன்னு இருந்தது மணிக்கு இவ்ளோன்னு ஆகுது, கூட்ட நேரத்துக்கு ஒரு ரேட்டு, மியூசிக்கு, மங்கலான லைட்டு, ஆபீஸ் பார்ட்டி. சங்கிலிக் கம்பெனிங்கதான் விலையை ஏத்தி விட்டாங்களா, இல்ல விலை ஏறாம இந்த தொழில்ல எவனும் நிக்க முடியாதுங்கற நிலைமைல அவங்க மட்டும் தாக்குப்பிடிச்சாங்களா, இது ரெண்டுக்கும் வாதம் பண்ணலாம். நான் ரெண்டாவது பக்கம்தான் சாய்வேன், ஏன்னா எந்த சங்கிலிலயும் சேராத தனிக் கடைங்களும் அதே நேரத்துல அதே மாதிரி மணிக்கணக்கு ரேட்டுக்கு மாறினதைப் பார்த்திருக்கேன்.

சட்டத்தை யாரும் கணக்குல சேர்க்கறதில்ல, ஒரு பத்தி சொல்லிடறேன். நியூயார்க்ல 1942லருந்து 1976 வரைக்கும் பின்பால்ங்கற உருண்டை தட்டி ஆடற மெஷினுக்கே தடை, அது சூதாட்டம்னு சொல்லி மேயர் லாகார்டியா காலத்துல மெஷினை சுத்தியால உடைச்சாங்க. டெக்சாஸ்ல மெஸ்கீட்னு ஒரு ஊரு, 17 வயசுக்கு கீழ இருக்கறவங்க பெரியவங்க துணை இல்லாம மெஷின் ஆடக்கூடாதுன்னு விதி போட்டு, அது அலாடின்ஸ் கேசில்ங்கற ஆர்கேட் கம்பெனி கேஸா 1982ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. ஜப்பான்ல 1985ல அமலுக்கு வந்த திருத்தத்துல கேம் சென்டரும் போலீஸ் அனுமதி வாங்கணும், நடுராத்திரில மூடணும்னு ஆச்சு. மெஷினுக்கு இவ்ளோ லைசென்ஸ் ஃபீஸ், ஸ்கூல்லருந்து இத்தனை தூரம்னு வேற பல ஊர்ல விதி இருக்கு. இதெல்லாம் பெரிய மாலுக்கு ஒரு செலவே இல்ல, அதுக்குன்னு ஆளு வெச்சிருப்பான். தெருமுனைல ஆறு மெஷின் போட்டவனுக்கு அது லாபம் முழுக்க.

மெயின்டனன்ஸ் என் சொந்த ஏரியா, நீட்டினா விடிஞ்சுரும். சுருக்கமா, பழைய பெட்டில இருக்கற குண்டு பிக்சர் டியூப் இப்ப யாரும் செய்யறதில்ல, ஒண்ணு போச்சுன்னா இன்னொரு செத்த மெஷின்லருந்துதான் எடுக்கணும். பவுலிங்ல பின்னை அள்ளி அடுக்கற பழைய மெஷின் யானையைக் கட்டித் தீனி போடற மாதிரி, பெல்ட், கியர், மோட்டார், அது கூடவே வாழற ஒரு மெக்கானிக் வேணும், அந்த மெக்கானிக்குங்க ரிட்டயர் ஆயிட்டாங்க, புதுசா கத்துக்க வர்றவன் கிடையாது. இப்ப அதுக்கு மாத்தா வந்திருக்கறது கயிறு கட்டின பின். ஒவ்வொரு பின் தலைலயும் ஒரு கயிறு, விழுந்ததும் மேல இழுத்து மறுபடி இறக்கும், உதிரி பாகம் ரொம்பக் கம்மி, கரண்டும் கம்மி, கவுன்டர்ல இருக்கற பையனே சிக்கலைப் பிரிச்சு விடலாம். நல்லா ஆடறவங்களுக்கு இது ஆகவே ஆகாது, பின் விழற விதமே மாறுது, சத்தம் கூட மாறுதுன்னு சண்டைக்கு வருவாங்க, அமெரிக்க பவுலிங் அமைப்பும் 2023ல இதை அங்கீகரிச்சப்ப தனிப் பிரிவாதான் வெச்சுச்சு. ஸ்கோருக்காக ஆடறவங்க சொல்றது சரிதான். ஆனா மலிவுன்னு ஒண்ணு வேணும்னா என் ஓட்டு கயித்துக்குத்தான்.

இன்னிக்கு ஆர்கேட்னு பேரு போட்ட இடங்கள்ல என்ன நிக்குதுன்னு பாருங்க, பொம்மை எடுக்கற கிளா மெஷின், பரிசுக்கு மாத்திக்கற டிக்கெட் கக்கற மெஷின். ஜப்பான்ல ஆர்கேட் வருமானத்துல பாதிக்கு மேல கிளா மெஷின்தான். திறமை வளர வளர ஒரு காசுக்கு அதிக நேரம் ஆடலாம்ங்கறது பழைய ஆர்கேட்ல ஏழைப் பையனுக்கு இருந்த ஒரே தள்ளுபடி, கிளால அது கிடையாது, பத்து செகண்டுல ஆட்டம் முடிஞ்சுரும். காசுக்கு பதிலா கார்டை தேய்க்கறதுனால எவ்ளோ போச்சுன்னும் தெரியாது, கார்டுல மிஞ்சற கொஞ்சம் பாயின்ட் எதுக்கும் பத்தாது. நியூயார்க் சைனாடவுன் ஃபேர்னு சண்டை கேம் ஆடறவங்களுக்கு பேர் போன இடம் 2011ல மூடிட்டு அடுத்த வருஷம் குடும்பத்தோட வர்ற இடமா, டிக்கெட் மெஷினோட திறந்துச்சு, பழைய ஆளுங்க ரொம்ப நொந்துட்டாங்க. செகா மாதிரி மெஷின் செய்யற கம்பெனியே 2020ல தன்னோட ஆர்கேட் கடைங்கள்ல பெரும்பங்கை ஜெண்டாங்கற கம்பெனிக்கு வித்துட்டு, 2022ல மிச்சத்தையும் குடுத்துட்டு ஒதுங்கிடுச்சு. கொரோனா கடைசி அடின்னு சொல்லலாம், ஆனா அதுக்கு முன்னாடியே உடம்பு தளர்ந்துதான் இருந்துச்சு.

சரி, மறுபடி மலிவா நடத்த முடியுமா? முடியும், சில பேரு நடத்தறாங்க, ஆனா யாருமே பழைய மாதிரி நடத்தல. இல்லினாய்ல புரூக்ஃபீல்ட்னு ஒரு சின்ன ஊரு, அங்க 2010ல திறந்த கேலப்பிங் கோஸ்ட் ஆர்கேட்ல வாசல்ல ஒரு தடவை காசு கட்டிட்டா நாள் பூரா ஆடலாம், மெஷின் எல்லாம் ஃப்ரீ ப்ளே, நூத்துக்கணக்குல மெஷின். காசுப் பிரச்சனையை அவங்க இப்படித் தீர்த்தாங்க, ஒரு காசு மாதிரி இல்லாம நுழைவுக் கட்டணத்தை கொஞ்சம் கொஞ்சமா ஏத்தலாம். பழைய மெஷின், பெரிய சிட்டி நடுவுல இல்லாத இடம், ரிப்பேர் தானே பண்ணிக்கற முதலாளி, இந்த மூணும் சேர்ந்தாதான் அது நடக்கும். 2004ல புரூக்ளின்ல ஆரம்பிச்ச பார்கேட்ங்கற மது பார் வேற வழி, அங்க கேமுக்கு பழைய 25 சென்ட்தான், ஆனா வருமானம் மதுவுலருந்து வருது, அதனால பதினஞ்சு வயசுப் பையனுக்கு அந்த இடம் கிடையாது. நியூ ஹாம்ப்ஷயர்ல ஃபன்ஸ்பாட்ங்கற இடத்துக்குள்ள பழைய ஆர்கேடை மியூசியமாவே ஆக்கி லாப நோக்கமில்லாம நடத்தறாங்க. மூணுலயும் கவனிச்சா, வாடகையோ சம்பளமோ வேற எங்கிருந்தோ ஈடு கட்டப்படுது.

பவுலிங்குக்கு இதைவிடக் கஷ்டம், இடம் பெருசு. எனக்குத் தெரிஞ்சு மலிவா ஓடறதெல்லாம் காலேஜ், கிளப், ராணுவ முகாம், நகராட்சி மாதிரி ஏற்கனவே இடம் வெச்சிருக்கறவங்க நடத்தற ஆறு எட்டு லேன் சென்டர்தான். நீங்க நிஜமாவே ஆரம்பிக்கற எண்ணத்துல கேட்டிருந்தா, மெஷின் விலையைத் தேடறதை விட்டுட்டு முதல்ல ரெண்டு விஷயத்தை தேடுங்க. பத்து வருஷத்துக்கு வாடகை எப்படி ஏறும்னு எழுத்துல குடுக்கற ஒரு கட்டடம், வேற யாரும் எடுக்காத பேஸ்மென்ட்டோ பழைய கிடங்கோ ஆனாலும் பரவால்ல, தூண் மட்டும் எங்க நிக்குதுன்னு அளந்துக்கோங்க. அப்புறம் வார நாள் ராத்திரிக்கு முன்கூட்டியே காசு கட்டி வர்ற ஒரு பதினஞ்சு இருபது டீம், லீக்குன்னு சொன்னா இப்ப பயப்படறாங்க, முப்பது வாரம் கேக்காம எட்டு வாரம் கேட்டா வர்றாங்க, அதை நானே பார்த்திருக்கேன். இந்த ரெண்டும் கைல வந்ததுக்கு அப்புறம் இடத்தோட அளவும் தூண் இருக்கற வரைபடமும் இங்க போடுங்க, எத்தனை லேன் போகும், கயிறு பின் போட்டா மாசம் என்ன செலவு வரும்னு நான் கணக்கு போட்டு சொல்றேன்.